அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் ஆகற கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போடலாமுங்களா?

தம்பி, நீங்க எழுதுனதைப் படிச்சேனுங்க. 2016ல வாங்குன டெஸ்க்டாப், ஐ3 ஆறாவது ஜெனரேஷன், ரேம் 4 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைத் தட்டிப்போட்டு டீ வெச்சுக் குடிச்சுட்டு வந்தாக்கூட அந்த வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. ஊட்டுல அம்மணி டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேருல தறிக் கணக்குப் போடறாங்க, பையன் பள்ளிக்கூடத்து ப்ராஜெக்ட் அடிக்கறான், கடைக்காரரு "இதோட கதை முடிஞ்சுதுங்க, புதுசு எடுத்துக்குங்க"ங்கறாரு, உங்க மச்சான் "எஸ்எஸ்டி போட்டாப் போதும்"ங்கறாரு. எஸ்எஸ்டின்னா ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடற, சிப்புலயே தகவலை வெச்சுக்கற டிரைவு. யாரு பேச்சைக் கேக்கறதுன்னு கேட்டிருக்கறீங்க.

மச்சான் பேச்சைக் கேளுங்க. ஆனா கடைக்கு வண்டியை எடுக்கறதுக்கு முன்னால ஊட்டுலயே ஒரு சோதனை பண்ணிப் பாத்துக்கோணும், மிஷினு மெதுவா ஓடறதுக்கு எப்பவும் டிஸ்க்குதான் காரணம்னு இல்லீங்க, அதப் பாக்காம வாங்கி மாட்டிப்போட்டு "என்னங்க, ஒண்ணுமே மாறலை"ன்னு சண்டைக்கு வந்தவங்களையும் நான் பாத்திருக்கறேன்.

நாளைக்குக் காலையில மிஷினை ஆன் பண்ணுங்க. திரை வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒட்டுக்கா அமுத்துனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பர்ஃபார்மன்ஸுக்குப் போயி டிஸ்க்கைத் தொடுங்க. சிபியு இருபது முப்பது சதவீதத்துல சும்மா நின்னுக்கிட்டிருக்க, டிஸ்க்கு மட்டும் 100%ல கோடு போட்ட மாதிரி மேல ஒட்டிக்கிட்டு இருந்தா உங்க சீக்கு டிஸ்க்குதான். அப்பவே கீழ ரீட் ஸ்பீடுன்னு ஒண்ணு இருக்கும், அதையும் பாருங்க, பல சமயம் வினாடிக்கு 1 எம்பி, அரை எம்பின்னு காட்டும். நூறு சதவீதம் வேலை செய்யறேங்குது, ஆனா கொண்டாந்து குடுத்தது அரை எம்பி. இதப் பாத்துப்போட்டு நெறையப் பேரு வைரஸ்னு நெனச்சுக்குவாங்க. வைரஸ் இல்லீங்க, கணக்குப் போட்டா அவ்வளவுதான் வரும்.

எப்படின்னு சொல்றேன். டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கு பொதுவா நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்தும், அப்பன்னா வினாடிக்கு 120, ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்டு. வேணுங்கற எடம், தகவலைப் படிக்கற ஊசிக்கு அடியில வர்றதுக்கு சராசரியா அரைச் சுத்து காத்திருக்கோணும், அது 4 மில்லிசெகண்டு. அதுக்கு முன்னால ஊசி இருக்கற கை சரியான வரிசைக்கு நகந்து போகோணும், அது ஒரு 9 மில்லிசெகண்டு. ரெண்டையும் கூட்டுனா ஒருக்கா தேடி எடுக்க 13 மில்லிசெகண்டு ஆகுது, அப்ப வினாடிக்கு முக்கி முக்கி ஓடுனாலும் எழுவது எண்பது தடவைதான் எடுக்க முடியும். விண்டோஸ் ஆன் ஆகும்போது கேக்கறது பூராவும் குட்டிக் குட்டி ஃபைலு, 4 கேபி 8 கேபின்னு ஆயிரக்கணக்குல, அங்கொண்ணு இங்கொண்ணா செதறிக் கெடக்கும். 75 தடவை, தடவைக்கு 4 கேபின்னா வினாடிக்கு 300 கேபி. உங்க அஞ்சு நிமிஷம் போறது இங்கதானுங்க.

எஸ்எஸ்டியில சுத்தற தட்டும் இல்ல, நகர்ற கையும் இல்ல, எல்லாம் மெமரி சிப்பு. எங்க இருக்கற தகவலைக் கேட்டாலும் 0.1 மில்லிசெகண்டு, அதுக்கும் கொறைவாத்தான் ஆகும். நீங்க தறிக்காரரு, உங்களுக்கு இப்படிச் சொன்னாத்தான் ஏறும். சாதாத் தறியில நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் அடிவாங்கி ஓடிக்கிட்டே கெடக்கோணும், மோட்டாரை எவ்வளவு பெருசாப் போட்டாலும் அந்தக் கட்டை நாடா ஓடற வேகத்துக்கு மேல துணி வராது. ஏர்ஜெட்ல நாடாவே கெடையாது, ஊடை நூலை மட்டும் காத்து கொண்டுபோயிச் சேத்துப்போடுது. ஐ3ஐ எடுத்துப்போட்டு ஐ7 போட்டாலும் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டீங்கன்னா, சாதாத் தறிக்குப் பெரிய மோட்டாரு மாட்டுன கதைதான்.

தறின்னதும் ஞாபகம் வருது, உங்க சிஸ்டம் தறி ஓடற குடோனுக்கு ஒட்டுன ரூம்லயா இருக்குது? நான் இருக்கறது கோயமுத்தூருச் சோமனூரு பக்கம், இங்க முக்காவாசி ஆபீஸ் ரூம் தறிச் செவுத்துக்கு அந்தப்பக்கந்தான். டேபிளு மேல தண்ணி டம்ளரு வெச்சா தண்ணி நடுங்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த அதிர்வு ஆகவே ஆகாதுங்க, ஊசி தட்டுல படாம நூலிழை எடவெளியில மெதந்துக்கிட்டு இருக்குது, ஆட்டம் குடுத்தா வரிசை தப்பும், மறுபடி அடுத்த சுத்துக்குக் காத்திருக்கும். 2008ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல பிரெண்டன் கிரெக்னு ஒரு இன்ஜினியரு, சர்வர் ரூம்ல டிஸ்க்கு வரிசைக்கு முன்னால வாயை வெச்சு ஓன்னு கத்துனாரு, அந்த நொடியில டிஸ்க்கு பதில் சொல்ற நேரம் கிராஃபுல குபீர்னு ஏறுச்சு. ஒரு ஆளு கத்துனதுக்கே அந்தப் பாடுன்னா நாள் பூரா இருபது தறி அடிச்சா? எஸ்எஸ்டிக்கு இந்தத் தொந்தரவு கெடையாது. பஞ்சுத் தூசிக்கு மட்டும் மருந்தில்ல, அது ஃபேனை அடைக்கறது அடைக்கறதுதான்.

செரி, எதை வாங்கறது. நீங்க ஆன்லைன்ல 7000 எம்பி ஸ்பீடுன்னு போட்டிருக்கறதைப் பாத்துப்போட்டு அதுதான் வேணுங்கற மாதிரி எழுதியிருக்கறீங்க. வேண்டாமுங்க. அது என்விஎம்இங்கற வேகமான வகை எஸ்எஸ்டி, நாலாவது ஜெனரேஷன் பிசிஐஇ ஸ்லாட்டுல போடறது, உங்க மதர்போர்டு 2016ந்து, அனேகமா எச்110 மாதிரி சின்ன போர்டாத்தான் இருக்கும், அதுல அதை மாட்டற எம்.2 ஸ்லாட்டு இல்லாததே அதிகம், இருந்தாலும் அந்த வேகத்துக்குப் பக்கத்துலகூட வராது. உங்களுக்கு வேண்டியது சாட்டா எஸ்எஸ்டி, உங்க ஹார்ட் டிஸ்க்கு மாட்டியிருக்கற அதே கனெக்ஷன்ல மாட்டறது, ரெண்டரை இஞ்சு, தீப்பெட்டி ரெண்டு மூணைப் பரப்பி வெச்ச மாதிரி மெல்லிசா இருக்கும். அது வினாடிக்கு 550 எம்பி வரைக்கும் குடுக்கும், உங்க ஹார்ட் டிஸ்க்கு நல்லா இருந்த காலத்துலயே 200 பக்கம் போயிருந்தாலே அதிகம். அதக்காட்டிலும் பெரிய விசயம் முன்ன சொன்ன அந்தக் காத்திருப்பு, அது நூறு மடங்குக்கு மேல கொறையுது. ஹார்ட் டிஸ்க்குல இருந்து சாட்டாவுக்கு மாறுனா கண்ணால பாத்தாலே தெரியும், சாட்டாவுல இருந்து என்விஎம்இக்கு மாறுனா ஆன் ஆகற நேரத்துல ரெண்டு மூணு வினாடி கொறையும், டாலி தொறக்கறதுல ஒண்ணுமே தெரியாது. வீடியோ எடிட்டிங், பெரிய பெரிய ஃபைலு காப்பி பண்றவங்களுக்கு அது வேணும், நமக்கெதுக்கு.

எம்.2ன்னதும் இன்னொரு பொறி இருக்குது, லேப்டாப் வெச்சிருக்கறவங்க கவனிங்க. எம்.2ங்கறது வடிவத்துக்குப் பேரு, வேகத்துக்குப் பேரில்ல. 2280ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம் 80 நீளம், அவ்வளவுதான். அதே வடிவத்துல சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும், ஸ்லாட்டு சாட்டாவுக்கு மட்டும்னா என்விஎம்இயைப் போட்டா மிஷினு கண்டுக்கவே கண்டுக்காது. மாடல் நம்பரைப் பாக்காம வாங்கிட்டு காந்திபுரத்துக் கடைக்கும் ஊட்டுக்கும் பஸ்சுல அலையறவங்க இன்னும் இருக்கறாங்க.

சைஸு: 120 வேண்டாம், 240 பத்தும், 500 இருந்தா நிம்மதி. 240ன்னு எழுதியிருந்தாலும் விண்டோஸ்ல 223 தான் காட்டும், ஏமாத்திப்போட்டான்னு கடைக்காரனைத் திட்டாதீங்க, கம்பெனி ஆயிரத்தால கணக்குப் போடறான், விண்டோஸ் 1024ஆல போடுது. விண்டோஸு, ஆபீஸு, டாலி, பையனோட சாமானம் எல்லாம் சேந்து நூறு ஜிபியைத் தாண்டறது கஷ்டம். போட்டோ, கல்யாண வீடியோ, படம் இதெல்லாம் பழைய 1 டிபியிலயே கெடக்கட்டும், அதைக் கழட்ட வேண்டியதே இல்ல, ரெண்டும் ஒரே மிஷினுக்குள்ள இருக்கும், சி டிரைவு மட்டும் புதுசு. இப்படிப் பண்ணுனாத்தான் காசு மிச்சம். விலையைப் பொறுத்தவரைக்கும், 2023ல எல்லாம் 500 ஜிபி சாட்டாவே ரெண்டாயிரத்து ஐநூறு மூவாயிரத்துக்குக் கெடச்சுதுங்க, 2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி பூரா அள்ளிக்கிட்டுப் போறதுல ஏறிப்போச்சு. கடைக்குப் போற அன்னைக்கு ரெண்டு மூணு பக்கம் கேட்டுக்குங்க. ஏறுனாலும் புது சிஸ்டம் வாங்கற காசுல இது ஒரு சின்னப் பங்குதான்.

"எழுத எழுதத் தேஞ்சு போயிருமாமே"ன்னு கேட்டிருந்தீங்க. தேயும், நெசந்தான். ஃப்ளாஷ் சிப்புல ஒவ்வொரு செல்லையும் இத்தனை தடவைதான் அழிச்சு எழுத முடியும்னு ஒரு கணக்கு இருக்குது. ஒரு செல்லுல எத்தனை பிட்டு அடைக்கறாங்கங்கறதைப் பொறுத்து, மூணு அடைச்சா டிஎல்சி, நாலு அடைச்சா க்யூஎல்சி, எச்சா அடைக்க அடைக்க விலை கொறையும், ஆயுசும் கொறையும். பெட்டியில டிபிடபிள்யூன்னு ஒரு எண்ணு இருக்கும், மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம்னு கம்பெனி வாரண்டி குடுக்கறது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட், அஞ்சு வருஷம். கொறஞ்ச விலையில க்ரூஷியல் பிஎக்ஸ்500 240 ஜிபிக்கு 80 டெராபைட், மூணு வருஷம். உங்க ஊட்டு மிஷினு ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுதுன்னு வெச்சுக்குங்க, அதுவே நெம்ப அதிகம், வருஷத்துக்கு 7.3 டெராபைட் ஆகுது. 80ஐத் தொட பதினோரு வருஷம், 300ஐத் தொட நாப்பத்தியோரு வருஷம். அதுக்குள்ள போர்டு போயிரும், டாலியே மாறிரும். தேய்மானத்தை நெனச்சு வெசனப்பட வேண்டாம்.

வெசனப்பட வேண்டியது வேற எடத்துலங்க. என் கதையைச் சொல்றேன். எஸ்எஸ்டி வந்த புதுசுல ஆசையில பேரில்லாத 120 ஜிபி ஒண்ணு வாங்குனேன், பெட்டியில கம்பெனி பேரு ஒண்ணு, மிஷின்ல காட்டுன பேரு இன்னொண்ணு. நல்லாத்தான் ஓடுச்சு எட்டு மாசம். எங்க அக்காளுக்கு எழுதிங்கச் சீருன்னு எங்க பக்கத்துச் சடங்கு நடந்துச்சு, போட்டோ எடுத்த தம்பி மெமரி கார்டு வேணும்னு அவசரப்படுத்த, பூராத்தையும் என் சி டிரைவுல டெஸ்க்டாப்புலயே காப்பி பண்ணிப்போட்டு கார்டைக் குடுத்தனுப்பிட்டேன். மூணா நாளு சாயங்காலம் கரண்டு போச்சு, வந்துச்சு, மறுபடி போச்சு. அப்பறம் ஆன் பண்ணுனா, விண்டோஸுக்கு முன்னால வர்ற பயாஸ் திரையில டிஸ்க்கே இல்ல. சத்தமில்ல, முன்கூட்டி ஒரு எச்சரிக்கை இல்ல, ஒண்ணுமில்ல. ஹார்ட் டிஸ்க்குன்னா பல சமயம் சாகறதுக்கு முன்னால டக்கு டக்குன்னு தட்டும், ஃபைலு தொறக்க முக்கும், நமக்கும் ரெண்டு நாளு அவகாசம் குடுக்கும், இது அப்படியில்லீங்க, உள்ள இருக்கற கண்ட்ரோலரு போச்சுன்னா எல்லாமே ஒட்டுக்கா போச்சு. அப்பாரு சீர்த்தட்டோட நின்ன ஒரே போட்டோவும் அதுலதான் இருந்துச்சு. அக்கா இன்னைக்கும் ஒறம்பறைங்க கூடுற எடத்துல அதைச் சொல்லிக் காட்டாம விடறதில்ல.

அதனால ரெண்டு விசயம். பேருள்ளதா, பில்லோட, வாரண்டியோட வாங்குங்க, 2 டிபி ஆயிரம் ரூபாய்ங்கற மாதிரி வந்தா அது எஸ்எஸ்டியே இல்ல, உள்ள சின்ன மெமரி கார்டை ஒட்டி வெச்சு பொய்யான அளவைக் காட்டற டுபாக்கூரு. ரெண்டாவது, டாலி பேக்கப்பு தெனமும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும், வாரம் ஒருக்கா ஒரு பென் டிரைவுக்கும் போகோணும். எஸ்எஸ்டியில தெரியாம அழிச்சுப்போட்டா ரெக்கவரி சாஃப்ட்வேரு போட்டு எடுக்கறதும் அனேகமா நடக்காது, ட்ரிம்னு ஒண்ணு இருக்குது, நீங்க அழிச்ச எடத்தை அதுவே பின்னால துப்புரவா காலி பண்ணிப்போடும், வேகம் கொறையாம இருக்கறதே அதனாலதான். போட்டோவைப் போட்டு பீரோவுல வருஷக்கணக்கா பூட்டி வெக்கறதுக்கும் எஸ்எஸ்டி செரிப்பட்டு வராதுங்க, கரண்டு இல்லாமக் கெடந்தா சிப்புல இருக்கற சார்ஜு மெதுவாக் கசியும், வெய்யக்காலத்துச் சூட்டுல இன்னும் சீக்கிரமா. அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்குதான். சிசிடிவி ரெக்கார்டருக்கும் அப்படியே, ராப்பகலா எழுதிக்கிட்டே இருக்கற வேலைக்கு அதுக்குன்னே வர்ற ஹார்ட் டிஸ்க்கு இருக்குது.

விலை மலிவுல இன்னொரு சூட்சுமம், க்யூஎல்சி டிரைவுங்க முதல்ல கொஞ்ச ஜிபி வரைக்கும் கேஷ்ங்கற வேகமான தற்காலிக எடத்துல வாங்கி எழுதும், அது நெறஞ்சதும் தொப்புன்னு விழும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி எல்லாம் கேஷ் தீந்ததும் வினாடிக்கு 80 எம்பிக்கு வந்துரும், அது உங்க பழைய ஹார்ட் டிஸ்க்கை விடக் கம்மி. டாலிக்கும் பிரவுசருக்கும் அந்த நெலமை வராது, இருந்தாலும் விலை வித்தியாசம் இருநூறு முந்நூறுன்னா டிஎல்சியே எடுங்க.

இனி மாட்டற வேலை, இது நெம்பச் சுலுவுங்க, நீங்களே பண்ணலாம். மெயின் சுவிட்சை அணைச்சு ஒயரைப் புடுங்கிட்டு எடதுபக்கத் தகடைக் கழட்டுனா பஞ்சு ஒரு மெத்தை கணக்கா இருக்கும், முதல்ல அதை பிளோயருல ஊதுங்க, ஃபேனை வெரலால புடிச்சுக்கிட்டு ஊதுங்க, சுத்த விடாதீங்க. பவர் சப்ளையில இருந்து தொங்கற பட்டை ஒயருல ஒரு சாட்டா பவரு சும்மா கெடக்கும், போர்டுல சாட்டா போர்ட்டு காலியா ரெண்டு இருக்கும், டேட்டா கேபிளு மட்டும் எஸ்எஸ்டி பெட்டியில வராது, கடையில கேட்டு வாங்கிக்குங்க, மறந்துட்டு வந்துட்டு எத்தனை பேரு ஞாயித்துக்கெழமையை வீணாக்குனாங்க. பாதி எடத்துல ஸ்க்ரூ புடிக்காது, பரவால்ல, எடையே இல்லாத சாமானம்.

விண்டோஸைப் பழசுல இருந்து அப்படியே க்ளோன் பண்ணலாம், அதுக்கு க்ளோன்சில்லாங்கற சாஃப்ட்வேரு சும்மாவே கெடைக்குது. உங்களுக்கு நான் அதச் சொல்ல மாட்டேன், ஒம்போது வருஷத்துக் குப்பை, அத எதுக்கு புது ஊட்டுக்குச் சொமந்துக்கிட்டு. புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க, ஒரிஜினல் விண்டோஸுன்னா போர்டு மாறாததால நெட்டு குடுத்ததும் தானா ஆக்டிவேட் ஆயிரும். அதுக்கு முன்னால கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேரைப் போட்டு பழைய டிஸ்க்கோட ஹெல்த்தைப் பாருங்க, மஞ்சளா காஷன்னு காட்டுனா போட்டோவையெல்லாம் மொதல்ல வேற பக்கம் காப்பி பண்ணோணும், அந்த டிஸ்க்கை நம்பக்கூடாது.

டாலி விசயத்துல மட்டும் கவனம். பழைய விண்டோஸ் ஓடும்போதே டாலியில லைசென்ஸை சரண்டர் பண்ணிப்போடுங்க, அப்பத்தான் புதுசுல மறுபடி ஆக்டிவேட் பண்றதுக்கு மல்லுக்கட்ட வேண்டியதில்ல. டேட்டா ஃபோல்டரை ரெண்டு எடத்துல காப்பி எடுங்க. அப்பறம் இந்தச் சோலியை 11ந்தேதிக்கோ 20ந்தேதிக்கோ பக்கத்துல வெச்சுக்காதீங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற அன்னைக்கு மிஷினு அக்கக்கா கெடந்தா அம்மணி உங்களச் சும்மா விட மாட்டாங்க.

கூடவே ரேமை 8 ஜிபி ஆக்கிருங்க. 4 ஜிபியில விண்டோஸ் 10 வந்து உக்காந்ததுமே பாதிக்கு மேல போயிருது, டாலியும் குரோம்ல நாலு டேபும் தொறந்தா ரேம் நெறஞ்சு டிஸ்க்குல எழுத ஆரம்பிச்சுரும், எஸ்எஸ்டி போட்டா அது வெளிய தெரியாம சமாளிக்கும், ஆனாலும் சமாளிப்பு சமாளிப்புதான். உங்க போர்டுக்கு டிடிஆர்4 ரேமா, டிடிஆர்3எல் ரேமான்னு பாத்துப்போட்டு வாங்குங்க, அந்த ஜெனரேஷன்ல ரெண்டுமே வந்துச்சு.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டு 2025 அக்டோபர் 14ஓட நின்னுபோச்சு, 11க்கு உங்க ஆறாவது ஜெனரேஷனை ஒத்துக்க மாட்டாங்க, எட்டாவதுல இருந்துதான். பதிவு பண்ணிக்கிட்டா செக்யூரிட்டி அப்டேட்டு மட்டும் 2026 அக்டோபர் வரைக்கும் வரும். கடைக்காரரு புதுசு வாங்கச் சொன்னதுல ஒரு நியாயம் இருக்குதுன்னா இது ஒண்ணுதான். அப்படியே புதுசு வாங்குனாலும் இந்த எஸ்எஸ்டியைக் கழட்டி அதுல ரெண்டாவது டிரைவா மாட்டிக்கலாம், போட்ட காசு எங்கயும் போயிராது. இதே கேள்வியைக் கோர் டூ டியோங்கற நெம்பப் பழைய பிராசசரு, ரெண்டு ஜிபி ரேமு வெச்சிருக்கற ஒருத்தரு கேட்டிருந்தா வேண்டாம்னே சொல்லியிருப்பேன். யூட்யூப் நின்னு நின்னு ஓடுதுங்கறவங்களுக்கும் வேண்டாம், அது பெரும்பாலும் நெட்டோட கோளாறு.

போர்டு மேலயே பெரிய எழுத்துல மாடல் நம்பரு அச்சடிச்சிருக்கும், தகடைக் கழட்டுன கையோட அதையும், ரேமு ஸ்டிக்கரையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்த ரேமுன்னு பாத்துச் சொல்லிர்றேன். பழைய டிஸ்க்குல இருக்கற விண்டோஸை உடனே அழிச்சுப்போடாதீங்க, ஒரு மாசம் அப்படியே கெடக்கட்டும், எதையாவது எடுக்க மறந்திருப்பீங்க.